பதவி உயர்வுத் தேர்வை இப்போது எழுதுவதா, குழந்தை வளர்ந்த பிறகா?

ஒவ்வோர் ஆண்டும் பதவி உயர்வுச் சுற்றறிக்கை வந்த மறுநாளே எனக்குத் தொலைபேசி அழைப்புகள் தொடங்கிவிடும். பொதுத்துறை வங்கி ஒன்றில் முப்பத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்து, தலைமை மேலாளராக ஓய்வு பெற்றவள் நான். அழைப்பவர்கள் பெரும்பாலும் முப்பதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதில் இருக்கும் பெண் அதிகாரிகள். "மேடம், ஸ்கேல் மூன்றுக்கு இந்த முறை தகுதி வந்திருக்கிறது. பையனுக்கு மூன்று வயதுதான் ஆகிறது. எழுதட்டுமா, அவன் கொஞ்சம் வளரட்டுமா?" கேள்வி எப்போதும் இதுதான். குழந்தையின் வயது மட்டும் ஆளுக்கு ஆள் மாறும்.

குழந்தைக்கு மூன்று வயது என்றால், "எழுதுங்கள், இந்த ஆண்டே எழுதுங்கள்" என்று சொல்வேன். பதின்மூன்று வயது என்றால் உடனே பதில் சொல்ல மாட்டேன். கேட்பவர்களுக்கு இது தலைகீழாகத் தெரிகிறது. சின்னக் குழந்தையை வைத்துக்கொண்டு எப்படி முடியும், பெரியவனானால் அவனே பார்த்துக்கொள்வானே என்று வீட்டில் எல்லோரும் சொல்லியிருப்பார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். நானும் நம்பினேன். அந்த நம்பிக்கை எனக்கு என்ன செய்தது என்பதைச் சொல்லிவிட்டு, கையில் இருக்கும் வழிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

வங்கிக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஏணியைச் சொல்லிவிடுகிறேன். ஸ்கேல் 1 உதவி மேலாளர், 2 மேலாளர், 3 முதுநிலை மேலாளர், 4 தலைமை மேலாளர், 5 உதவிப் பொது மேலாளர், 6 துணைப் பொது மேலாளர், 7 பொது மேலாளர். ஒவ்வொரு படிக்கும் குறைந்தபட்ச ஆண்டுகள் உண்டு. தேர்வு, நேர்முகம், ஆண்டு மதிப்பீட்டு அறிக்கை எல்லாம் உண்டு. பெண்களைத் தடுத்து நிறுத்துவது இவை எதுவும் இல்லை. படிப்பில் நம் பெண்கள் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. தடுப்பது, பதவி உயர்வு ஆணையோடு சேர்ந்து வரும் இடமாறுதல் ஆணை. ஸ்கேல் 2 வரை பெரும்பாலும் பக்கத்து மாவட்டங்களுக்குள் ஓடிவிடும். 3 ஆனால் மண்டலம் மாறலாம், சில நேரம் மாநிலமும்; 4 ஆனால் மாநிலம் மாறலாம்; அதற்கு மேல் இந்தியா முழுவதும். ஆகவே நம் முன்னால் இருக்கும் முடிவு எந்த ஆண்டில் ஊர் மாறுவது என்பதைப் பற்றியது.

நான் 1988இல் சேர்ந்தேன். 1993இல் மகள் பிறந்தாள். 1995இல் ஸ்கேல் 2. அடுத்த தேர்வுக்கு 1999இல் தகுதி வந்தபோது மகளுக்கு ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. கணவர் திருச்சியில் கல்லூரி ஆசிரியர். அவருக்கு ஊர் மாற வழியில்லை. தள்ளிப் போட்டேன். அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும். 2006இல் ஒருவழியாக எழுதித் தேறினேன். ஆணை வந்தது: கர்நாடகத்தின் வடகோடியில் பீதர். மகள் அப்போதுதான் ஒன்பதாம் வகுப்பில் நுழைந்திருந்தாள்.

அந்த வயதுப் பெண்ணைத் தமிழ்வழிப் பாடத்திலிருந்து பிடுங்கிப் பீதரில் எங்கே நடுவது? அவள் திருச்சியில் தங்கினாள், மாமியார் பார்த்துக்கொண்டார். நான் இரண்டரை ஆண்டுகள் இரவு எட்டரை மணிக்குத் தொலைபேசியில் இயற்கணிதம் சொல்லிக்கொடுத்தேன். "அம்மா, இரண்டாவது வரியில் கழித்தலா கூட்டலா?" என்று கேட்பாள், என் கையில் பாடப்புத்தகத்தின் இன்னொரு பிரதி இருக்கும். அவள் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதிய மார்ச் மாதம், வங்கியில் ஆண்டுக் கணக்கு முடிக்கும் மாதம். நான்கு நாள் விடுப்பு கிடைத்தது. தமிழ்த் தேர்வன்று பள்ளி வாசல் வரை போனேன், கணிதத் தேர்வன்று பீதரில் வாராக்கடன் பட்டியலோடு உட்கார்ந்திருந்தேன்.

என்னோடு அதே ஆண்டில் வேலைக்குச் சேர்ந்த தோழி ஒருவர் இருந்தார். அவருக்கும் என் மகள் வயதில் ஒரு பையன். குறைந்த ஆண்டுகளிலேயே எழுத விடும் விரைவு வழியில் எழுதி 1997இலேயே ஸ்கேல் 3 வாங்கிவிட்டார். பையனுக்கு அப்போது மூன்று வயது. அறந்தாங்கிப் பக்கம் ஒரு கிளைக்குத் தலைமையாகப் போட்டார்கள். தன் அம்மாவையும் பையனையும் கூட்டிக்கொண்டு போய், கிளைக்குப் பின் தெருவில் வீடு பிடித்தார். பையன் அந்த ஊர் எல்.கே.ஜி.யில் சேர்ந்தான். அதற்கு மாற்றுச் சான்றிதழும் வேண்டாம், பாடத்திட்டமும் ஒத்துவர வேண்டாம், நண்பர்களைப் பிரிந்த துக்கமும் ஒரு வாரத்தில் போய்விடும். கணவர் சனிக்கிழமை இரவு வந்து திங்கள் விடியலில் போவார். இரண்டரை ஆண்டில் திருச்சிக்குத் திரும்பிவிட்டார்கள். பையன் ஒன்பதாம் வகுப்புக்கு வந்தபோது அவர் ஒரே ஊரில் நிலைத்து உட்கார்ந்திருந்தார், அதுவும் எனக்கு ஒரு படி மேலே. துணைப் பொது மேலாளராக ஓய்வு பெற்றார்.

என்னைவிட அவர் கெட்டிக்காரர் என்று இதைச் சொல்லவில்லை. குழந்தையின் நாட்காட்டியை அவர் சரியாகப் படித்தார். கைக்குழந்தைக்கு அம்மா இருக்கும் இடம்தான் வீடு. பத்து வயதுப் பிள்ளைக்குப் பள்ளியும் தெருவும் சேர்ந்ததுதான் வீடு. பதினைந்து வயதில் ஊரே வேர் பிடித்துவிடும். நாம் ஊர் மாற முடிகிற ஆண்டுகளும் குழந்தை ஊர் மாற முடிகிற ஆண்டுகளும் ஒன்றுசேர்வது பிறப்பிலிருந்து ஆறு, ஏழு வயது வரைதான். அதற்குப் பிறகு அவை மீண்டும் சேர்வது பிள்ளை கல்லூரிக்குப் போன பிறகு. அப்போது நமக்கு நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு வயது. மாமனாரோ மாமியாரோ அம்மாவோ படுக்கையில் இருப்பார்கள். எனக்கு அதுதான் நடந்தது. மாமியார் விழுந்த பிறகு மூன்று முறை நான் தேர்வுக்கு விண்ணப்பிக்கவே இல்லை. ஸ்கேல் 4 வந்தபோது வயது ஐம்பத்தைந்து. அறுபதில் ஓய்வு. மேலே ஏற ஆண்டுகள் மிச்சமில்லை.

தள்ளிப் போடுவது என்ற வழிக்கு ஒரு பெரிய கவர்ச்சி உண்டு. இப்போது இருக்கும் அமைதி கெடாது என்று தோன்றும். அந்த அமைதி உண்மையில் இருக்கிறதா என்று பாருங்கள். 2000இல் நான் திருச்சி நகரக் கிளை ஒன்றில் ஸ்கேல் 2 அதிகாரி. இரும்பறைக்கு இரண்டு சாவிகள். ஒன்று காசாளர் பொறுப்பில், இன்னொன்று என் பொறுப்பில். இரண்டு பேரும் சேர்ந்தால்தான் மூடலாம். ஒரு நாள் மாலை கணக்கில் 500 ரூபாய் குறைந்தது. கட்டுகளைப் பிரித்து எண்ணினோம், மறுபடி எண்ணினோம், ரசீதுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினோம். நகைக்கடன் வட்டி ஒன்று தவறான கணக்கில் ஏறியிருந்தது தெரிந்தபோது மணி ஏழே முக்கால். மகளை ஆறு மணி வரை பார்த்துக்கொள்ளும் ஆயா வீட்டுக்கு எட்டேகாலுக்கு ஓடினேன். பள்ளிக் காலணியைக்கூடக் கழற்றாமல், கம்பிக் கதவில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் கம்பியின் தடம் பதிந்திருந்தது.

பதவி உயர்வே வேண்டாம் என்று நான் ஒதுங்கி இருந்த காலம் அது. மேலே ஏறாமல் இருந்தால் மாலைப் பொழுது நம்முடையதாகிவிடும் என்பது வங்கியில் உண்மை இல்லை. மேலாளர் நாற்காலியில் இருப்பவருக்காவது, சாவிப் பொறுப்பை யாருக்குக் கொடுப்பது, எந்த வாரம் யாரை முன்னதாக அனுப்புவது என்று தீர்மானிக்கும் உரிமை இருக்கிறது. நான் பீதரில் கிளைத் தலைமை ஏற்ற முதல் மாதமே, சாவிப் பொறுப்பு ஒருவர் தலையிலேயே கிடக்காமல் சுற்றிவரும்படி ஏற்பாடு செய்தேன். கைக்குழந்தை வைத்திருந்த ஓர் அலுவலரை ஐந்தரைக்கு அனுப்ப முடிந்தது. அந்த அதிகாரம் கீழே இருந்தபோது எனக்குக் கிடைக்கவில்லை.

இனி, பதவி உயர்வை ஏற்றுக்கொண்டு குழந்தையோடு ஊர் மாறும் வழி. சின்ன வயதுக் குழந்தை இருப்பவர்களுக்கு என் முதல் வாக்கு இதற்குத்தான். ஆனால் இது மூன்று விஷயங்களில் நிற்கிறது, மூன்றையும் விண்ணப்பிக்கும் முன்பே பேசி வைக்க வேண்டும். கூட வந்து இருக்க ஒருவர்: அம்மா, மாமியார், சித்தி, அல்லது நம்பிக்கையான ஓர் உதவியாளர். கிளையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் வீடு. இதில் சமரசம் செய்யாதீர்கள். வங்கி வாடகை கொடுத்து லீஸ் வீடு எடுத்துத் தரும்போது பெரிய வீடாகப் பார்த்து ஊருக்கு வெளியே போனவர்கள் எல்லோரும் பிறகு வருந்தியிருக்கிறார்கள். மூன்றாவது, காய்ச்சல் வரும் இரவுக்கு ஒரு மருத்துவர். அந்த ஊரில் குழந்தை மருத்துவர் யார், எத்தனை மணி வரை இருப்பார் என்று வீடு பிடிப்பதற்கு முன் விசாரியுங்கள்.

சின்ன ஊர் என்றதும் பயப்பட வேண்டாம். நகரத்தின் பெரிய கிளையில் ஒரு மேசைக்கு அதிகாரியாக இருப்பதைவிடச் சிற்றூரில் கிளைத் தலைமை ஏற்பது குடும்பத்துக்கும் நல்லது, வேலைக்கும் நல்லது. மகளிர் சுயஉதவிக் குழுக் கடன், பயிர்க்கடன், நகைக்கடன் எல்லாம் கையில் பழகும். வாடிக்கையாளர்களே அக்கம்பக்கத்தார் ஆகிவிடுவார்கள். என் தோழியின் பையனுக்கு அம்மை வந்தபோது வேப்பிலை கொண்டுவந்து கொடுத்தவர், கடன் தவணை தவறியதற்காக முந்தின வாரம் அவரிடம் கடிந்துகொள்ளப்பட்டவர்தான்.

வேறு மாநிலம் என்றால் கணக்கு கொஞ்சம் மாறும். ஐந்து வயதுக்குள் போய், எட்டு வயதுக்குள் திரும்பினால் மொழிச் சிக்கல் இல்லை. ஆறாம், ஏழாம் வகுப்பை வடக்கே படித்துவிட்டுத் திரும்பும் பிள்ளைக்கு இங்கே தமிழ் இடிக்கும். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்தின்படி பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். உயிரெழுத்தில் தொடங்க வேண்டிய பிள்ளையை நேரே செய்யுளில் உட்கார வைத்த துன்பத்தை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். வெளிமாநிலம் போகும் தாய்மார்கள் வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது வீட்டில் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுங்கள். பிறகு உங்களுக்கே நன்றி சொல்லிக்கொள்வீர்கள்.

குழந்தையை விட்டுவிட்டுத் தனியாகப் போகும் வழியை நான் வாழ்ந்து பார்த்தவள். அது தவறு என்று சொல்ல மாட்டேன். என் மகள் நன்றாகவே வளர்ந்தாள். என்னிடம் அவளுக்குக் குறையும் இல்லை. ஆனால் இந்த வழி பாட்டியின் உடல்நிலையில் நிற்கிறது. அறுபத்தைந்து வயதுப் பெண்மணியின் முழங்கால் மேல் ஒரு குடும்பத்தின் மொத்தத் திட்டத்தையும் வைக்கிறோம். அவர் விழுந்தால் எல்லாம் விழும். அப்பா பார்த்துக்கொள்வார் என்றால் திட்டம் உறுதியாகிறது. ஆனால் "பார்த்துக்கொள்வார்" என்பதன் பொருளை இருவரும் உட்கார்ந்து பேசியாக வேண்டும். மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2019இல் என்ன சொன்னது தெரியுமா? சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் அதற்குச் செலவிடுகிறார். ஆண் 97 நிமிடம். 2024இல் மறுபடி எடுத்தபோது 289, 88. இருவருக்கும் கொஞ்சம் குறைந்திருக்கிறது, இடைவெளி அப்படியே நிற்கிறது. அந்த 200 நிமிடங்களை யார் எடுத்துக்கொள்வது என்று எழுதி வைக்காமல் ரயில் ஏறாதீர்கள். எழுதி என்றால் உண்மையிலேயே ஒரு தாளில்: காலை டிபன் யார், பள்ளி வேன் தவறினால் யார், பள்ளியிலிருந்து "குழந்தைக்கு வாந்தி" என்று அழைத்தால் யார் போவது. பள்ளி ஆவணத்தில் முதல் தொலைபேசி எண்ணாக யார் எண் இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அம்மாவின் எண்தான் இருக்கும். ஊர் மாறும் முன் அதை மாற்றுங்கள்.

அடுத்தது, பதவி உயர்வையும் வாங்கிக்கொண்டு, கணவர் இருக்கும் ஊரிலேயே பணியிடமும் கேட்கும் வழி. இதற்கு ஆதாரம் இருக்கிறது. மத்திய நிதியமைச்சகத்தின் நிதிச் சேவைகள் துறை 2014 ஆகஸ்டில் பொதுத்துறை வங்கிகளுக்கு ஒரு வழிகாட்டுதல் அனுப்பியது: திருமணமான பெண் ஊழியர் கேட்டால், முடிந்தவரை கணவர் பணிபுரியும் இடத்திலோ அதற்கு அருகிலோ போட வேண்டும், திருமணமாகாதவர் என்றால் பெற்றோருக்கு அருகில். 2024 நவம்பரில் இடமாறுதல் கொள்கைகளைத் திருத்தச் சொன்னபோதும் பெண்களை அருகிலுள்ள இடங்களில் போடுமாறு மறுபடி சொன்னது. இந்த வழிகாட்டுதல்களின் பெயரைச் சொல்லி விண்ணப்பிக்கக் கூச்சப்படாதீர்கள். எழுத்தில் கொடுங்கள், கணவரின் பணிச் சான்றை இணையுங்கள், பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். "நம் மண்டலத்தில் அதெல்லாம் கிடையாது" என்று என்னிடம் ஓர் உயரதிகாரி வாய்வார்த்தையாகச் சொல்லி என் தாளைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். நானும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். அன்று அதை அஞ்சலில் அனுப்பியிருக்க வேண்டும்.

ஆனாலும் "முடிந்தவரை" என்ற சொல் இருக்கிறது. அது உத்தரவாதம் இல்லை. இதைவிட நுட்பமான ஓர் ஆபத்தும் உண்டு, அதைப் பற்றிப் பெண்கள் தங்களுக்குள் போதிய அளவு பேசுவதில்லை. அருகில் இடம் வேண்டும் என்று கேட்கும் பெண்ணுக்குப் பெரும்பாலும் கிடைப்பது மண்டல அலுவலகத்தில் ஒரு மேசை. அறிக்கைகள் தயாரிப்பது, தணிக்கைக்குப் பதில் எழுதுவது, பயிற்சிப் பிரிவு. கண்ணியமான வேலை; ஆறு மணிக்கு வீட்டுக்குப் போகலாம். ஐந்து ஆண்டு கழித்து ஸ்கேல் 4 நேர்முகத்தில் உட்காரும்போது முதல் கேள்வி: "கிளைத் தலைமை அனுபவம் எத்தனை ஆண்டு?" பல வங்கிகளில் அந்த அனுபவம் இல்லாமல் மேலே போக முடியாது. சலுகை என்று பெற்றது, அங்கே குறையாக எழுந்து நிற்கும். ஆகவே இந்த வழியை எடுப்பவர்கள் கேட்க வேண்டியது "அருகில் ஓர் இடம்" என்று இல்லை, "அருகில் ஒரு கிளை" என்று. நாற்பது, ஐம்பது கிலோமீட்டருக்குள் ஒரு கிளை கிடைத்தால், தினமும் பஸ்ஸில் போய்வந்தாவது அதை எடுத்துக்கொள்ளுங்கள். மண்டல அலுவலக மேசையை இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள்.

பொருளாதாரத்துக்கான நோபல் பரிசை 2023இல் பெற்ற கிளாடியா கோல்டின் இதைத்தான் வேறு விதமாக ஆராய்ந்தார். எந்த வேலை எந்நேரமும் ஆளைக் கேட்கிறதோ அதற்குத்தான் சம்பளமும் ஏற்றமும் கூடுதல். அத்தகைய வேலையைப் பெரும்பாலும் கணவர் எடுத்துக்கொள்ள, நேரம் வளைந்துகொடுக்கும் வேலையை மனைவி எடுத்துக்கொள்கிறார். அங்கேதான் இருவரின் பாதையும் பிரிகிறது என்றார். நம் வங்கியில் கிளையும் மண்டல மேசையும் அப்படிப் பிரியும் இரண்டு பாதைகள். அவசரத்துக்கு மேசையில் அமரலாம், ஆனால் அது வேறு பாதை என்று தெரிந்து அமர வேண்டும்.

நீண்ட விடுப்பு பற்றி நிறையக் குழப்பம் இருக்கிறது. மத்திய அரசு ஊழியரான பெண்ணுக்குப் பணிக்காலம் முழுவதற்கும் 730 நாள் குழந்தை பராமரிப்பு விடுப்பு உண்டு. தமிழ்நாடு அரசு ஊழியருக்கு 2021 முதல் மகப்பேறு விடுப்பு ஓராண்டு. இந்த இரண்டையும் வங்கியோடு சேர்த்துக் குழப்பிக்கொண்டு, தமக்கும் உண்டு என்று எண்ணித் திட்டமிட்ட பெண்களைச் சந்தித்திருக்கிறேன். நமக்கு மகப்பேறு விடுப்பு 2017ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு 26 வாரம். அதே திருத்தம் ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றும் சொன்னது. ஒரு கிளையில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தால் அதிகம். கிளையில் வேலை செய்யும் தாய்க்கு நடைமுறையில் அந்தக் காப்பகம் வந்துசேர்வதே இல்லை. இது எனக்கு ஆறாத வருத்தம்.

நமக்கென்று இருப்பது ஊதியமில்லா நீண்ட விடுப்பு. பாரத ஸ்டேட் வங்கியின் முதல் பெண் தலைவராக 2013 முதல் 2017 வரை இருந்த அருந்ததி பட்டாச்சார்யா, அங்கே பெண்களுக்கு இரண்டு ஆண்டு வரை இப்படி ஒரு விடுப்பைக் கொண்டுவந்தார். 1977இல் பயிற்சி அதிகாரியாகச் சேர்ந்து ஊர் ஊராக மாறியவர் அவர். தானும் ஒரு கட்டத்தில் வேலையை விட நினைத்ததை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். இந்த விடுப்பைப் பெண்கள் பயன்படுத்தும் முறைதான் எனக்குக் கவலை தருகிறது. குழந்தை பிறந்ததும் மொத்தத்தையும் முதல் இரண்டு ஆண்டிலேயே தீர்த்துவிடுகிறார்கள். பாட்டிகள் திடமாக இருக்கும் காலம் அது. குழந்தை எந்த மடியிலும் வளரும் காலம். முடிந்தவரை அதைக் கையிருப்பாக வையுங்கள். பிள்ளையின் பன்னிரண்டாம் வகுப்புக்கோ, வீட்டில் ஒருவர் படுக்கையில் விழும் காலத்துக்கோ அது வேண்டும். எனக்கு அப்போது இந்த வசதி இருந்திருந்தால் 2008 மார்ச்சில் நான் திருச்சியில் இருந்திருப்பேன். விடுப்பில் போகும் காலம் பதவி உயர்வுக்கான பணிக்காலத்தில் சேருமா, ஊதிய உயர்வு தள்ளிப்போகுமா என்பதை உங்கள் வங்கியின் பணியாளர் துறையில் எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே விண்ணப்பியுங்கள்.

வேலையையே விடுவது பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. விட்டு நிம்மதியாக இருப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முப்பத்து நான்கு வயதில் விட்டவர் நாற்பதில் திரும்ப இந்தக் கதவு திறக்காது. வங்கி அதிகாரித் தேர்வுக்கு வயது வரம்பு பொதுப் பிரிவினருக்கு முப்பது. மற்ற எல்லா வழிகளிலும் திரும்பி வர ஒரு பாதை உண்டு, இதில் மட்டும் இல்லை. அதனால் இதைக் கடைசியாகப் பாருங்கள், அதுவும் விடுப்பு முழுவதையும் எடுத்துத் தீர்த்த பிறகு.

மேலே போன பெண்கள் நமக்கு இல்லாமல் இல்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கி நலிந்து கிடந்தபோது, 2000ஆம் ஆண்டில் பொறுப்பேற்றுத் தூக்கி நிறுத்தியவர் ரஞ்சனா குமார். அதே நாற்காலியில் 2018இல் பத்மஜா சுந்துரு வந்தார். அந்த 2000ஆம் ஆண்டில் நான் ஸ்கேல் 2இல், தேர்வைத் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். நாளிதழில் அவர் படத்தைப் பார்த்துவிட்டு, இவர்கள் வேறு உலகத்துப் பெண்கள் என்று மடித்து வைத்தேன். வேறு உலகம் இல்லை. அவர்களும் இதே படிகளில்தான் ஏறினார்கள். ஏழு படிகளில் ஒவ்வொன்றுக்கும் மூன்று, நான்கு ஆண்டு என்று வைத்துக் கூட்டிப் பாருங்கள். இருபத்தைந்து வயதில் சேர்ந்தவருக்கு நடுவில் ஆறு, ஏழு ஆண்டு நின்றுவிட்டால் மேலே மிச்சமாவது மிகக் குறைவு என்பது தெரியும். மேல் மட்டத்தில் பெண்கள் குறைவாக இருப்பதற்கான காரணத்தை மேலே தேடுகிறார்கள். ஸ்கேல் 2இல், ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் தாய் விண்ணப்பப் படிவத்தை மூடி வைக்கும் மாலையில் தேட வேண்டும்.

தள்ளிப் போடுவதே சரி என்று நான் சொல்லும் வீடுகளும் உண்டு. குழந்தைக்குத் தொடர் சிகிச்சையோ பேச்சுப் பயிற்சியோ தேவைப்பட்டு, அதற்கான ஆட்கள் நகரத்தில் மட்டும் இருந்தால் காத்திருங்கள். இரண்டாவது குழந்தை ஓராண்டுக்குள் வரப்போகிறது என்றாலும் காத்திருங்கள். திருமண உறவே ஆட்டம் கண்டிருக்கும்போது ஊர் மாறாதீர்கள். பிள்ளை ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புக்குள் இருந்தாலும் காத்திருங்கள். தேறிய பிறகு பதவி உயர்வை மறுத்தால் அடுத்த சில ஆண்டுகளுக்கு விண்ணப்பிக்கவே முடியாதபடி பல வங்கிகளில் விதி உண்டு. ஆகவே மறுக்க நேரும் என்று தெரிந்தால் எழுதாமல் இருப்பதே மேல். கல்வியாண்டின் நடுவில் மாற்றினால் அதற்கென ஒரு படித்தொகை உண்டு. சிறிய தொகைதான், ஆனால் கேட்டு வாங்குங்கள்.

இந்த ஆண்டு கடைசியாக அழைத்தவருக்கு மூத்த பெண் பதினொன்றாம் வகுப்பு. ஸ்கேல் 3இலிருந்து 4. முழு ஆயத்தத்தோடு இருந்தார், கணவரும் சம்மதித்திருந்தார். நான்தான் வேண்டாம் என்றேன். அவருக்கு வயது நாற்பத்து மூன்று. பணிக்காலம் பதினேழு ஆண்டு மிச்சம் இருக்கிறது. சின்னவன் இரண்டாம் வகுப்பு. பெண் பள்ளியை முடித்ததும் எழுதினால், சின்னவன் நான்காம் வகுப்பில் ஊர் மாறி, எட்டாம் வகுப்புக்கு முன் திரும்பிவிடலாம். இதை அவர் ஒரு தாளில் இரண்டு வரிசையாக எழுதி எனக்குப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்: இடப்பக்கம் பிள்ளைகளின் வகுப்பு, வலப்பக்கம் தன் ஸ்கேல். அந்த ஆண்டுச் சுற்றறிக்கை வரும் நாளில் அவர் அழைக்கக் காத்திருக்காமல் நானே அழைப்பேன் என்று சொல்லியிருக்கிறேன்.